பின்னால் உட்காரும் வண்டி, மேலே பார்க்கும் விளக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைப் பற்றியவை. டிரெய்லர் மாட்டினால் உட்காருகிறது, தூக்கிவிட்டால் குதிக்கிறது, ஒரு பக்கம் சாய்கிறது என்று ஆளுக்கு ஒரு தொல்லை. தண்டையார்பேட்டை வாசகரின் கடிதத்துக்குள் மற்ற எல்லாக் கேள்வியும் அடங்கியிருப்பதால் அதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, கோயில் திருவிழா, கல்யாணம் என்று லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறோம். ஜெனரேட்டர் இரண்டு சக்கர டிரெய்லரில் இருக்கிறது, எடைமேடையில் 1,200 கிலோ காட்டியது. இழுப்பது பட்டை ஸ்பிரிங் போட்ட பிக்கப். அதன் பாடியில் கேபிள் சுருள், போக்கஸ் லைட், இரும்புக் குழாய் எல்லாம் சேர்த்து 200 கிலோ இருக்கும். டிரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, ஹெட்லைட் மரத்து உச்சியைப் பார்க்கிறது, எதிரே வருகிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் லேசாகிவிடுகிறது. மெக்கானிக் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே 3 அங்குல பிளாக், அதாவது ஒரு கட்டை, வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறார், மச்சான் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக், அதாவது காற்றுப் பை, போடச் சொல்கிறான். எது நல்லது?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, பிளாக் வேண்டவே வேண்டாம், ஏர்பேக்குக்கும் இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு டேப்பை எடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாமானும் டிரெய்லரும் இல்லாமல், நான்கு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் மட்கார்டு விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அளந்து ஒரு சீட்டில் எழுதுங்கள். சாமான் ஏற்றி மறுபடி அளங்கள், அப்புறம் டிரெய்லரையும் மாட்டி இன்னொரு முறை. எல்லோரும் பின்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு இத்தனை இறங்கிவிட்டதே என்று பதறுவார்கள். நான் கேட்பது முன்பக்கத்து அளவு. முன்பக்கம் 2 செ.மீ. ஏறியிருந்தால் உங்கள் ஸ்டியரிங் ஏன் லேசானது என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது.

மீன்பாடி வண்டியில் முன்னால் ஐஸையும் கூடையையும் அளவுக்கு மீறி ஏற்றினால் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், காசிமேட்டில் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிக்கப்பில் அதே கதை முன்பின்னாக நடக்கிறது. டிரெய்லரை மாட்டும் கொக்கி பின் ஆக்சிலுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வைக்கும் எடை பின்பக்கத்தை அமுக்குவதோடு நிற்காமல் முன்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். கணக்காகவே பார்க்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால், டிரெய்லரின் மூக்கு கொக்கியில் 150 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2-ஐ 3-ஆல் வகுத்தால் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 150-இல் 60 கிலோ, முன் சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். பின் ஆக்சிலுக்கு 150-உம் அந்த 60-உம் சேர்ந்து 210 கிலோ கூடும். திருப்புவது முன் சக்கரம், பிரேக்கில் பெரும் பங்கும் முன் சக்கரம், அங்கேதான் எடை குறைகிறது.

இப்போது மெக்கானிக் சொல்லும் பிளாக்கை வைத்துப் பாருங்கள். பின்பக்கம் 3 அங்குலம் ஏறும், வண்டி பார்க்க மட்டமாக நிற்கும், விளக்கும் ரோட்டைப் பார்க்கும். ஆனால் அந்த 60 கிலோ முன்னால் திரும்பி வராது. எங்கே எவ்வளவு எடை உட்காருகிறது என்பதை உயரம் அநேகமாக மாற்றுவதே இல்லை. வண்டி மட்டமாகத் தெரிவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி முன்னைவிட வேகமாக ஓட்டுவார்கள், எனக்கு அதைத்தான் நினைத்தால் பயம்.

அதனால் முதல் வேலை கொக்கியில் உட்காரும் எடையைக் கண்டுபிடிப்பது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மிஷின் போதும். ஒரு கனமான பலகையின் ஒரு முனையை மிஷின் மேலும் இன்னொரு முனையை அதே உயரத்துச் செங்கல் மேலும் வையுங்கள், இரண்டுக்கும் நடுவே சரியாக 3 அடி இருக்கட்டும். செங்கலிலிருந்து 1 அடி தள்ளி டிரெய்லரின் மூக்கைப் பலகை மேல் இறக்குங்கள். மூக்கு ஓட்டும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும், டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டாயம் கட்டை வைக்க வேண்டும். மிஷின் காட்டுவதில் வெறும் பலகைக்குக் காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. கழித்தபின் 50 வந்தால் 150 கிலோ.

இந்த மூக்கு எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 120 முதல் 180 கிலோ வரை. 250 வந்தால் ஜெனரேட்டர் டிரெய்லரின் ஆக்சிலுக்கு ரொம்ப முன்னால் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், டீசல் டேங்கும் பேட்டரியும் கூட மூக்குப் பக்கம் இருக்கலாம். நல்ல வெல்டரிடம் கொடுத்துப் பின்னால் நகர்த்துங்கள். அதற்காக 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோய்விடாதீர்கள், மூக்கு லேசாகிவிட்டால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், பெரிய கண்டெய்னர் லாரி பக்கத்தில் கடக்கிற காற்றுக்கே ஆடும். அப்படி ஆடினால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள்.

இரண்டாவது, உங்கள் 200 கிலோ சாமான். எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் பந்தல் வேலைக்குப் போகிற வண்டிகளில் நான் பார்த்தவரை முதலில் இறக்க வேண்டியது என்று கேபிள் சுருளைப் பின்கதவு ஓரத்தில்தான் போடுவார்கள். பின் ஆக்சிலுக்கு 90 செ.மீ. பின்னால் அந்த 200 கிலோ இருந்தால் முன் சக்கரத்திலிருந்து இன்னொரு 60 கிலோ போய்விடும். அதையே ஆக்சிலுக்கு 90 செ.மீ. முன்னால், கேபினை ஒட்டி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினால் 60 கிலோ முன்னால் கூடும். செலவு ஒரு பைசா இல்லை, டிரெய்லர் எடுத்துக்கொண்ட 60 கிலோ அப்படியே திரும்பி வந்துவிட்டது. இறக்கும்போது நாலு அடி உள்ளே ஏறி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாடுகளில் இதற்கென்றே கொக்கியில் எஃகுத் தண்டுகள் வைத்து எடையை முன் ஆக்சிலுக்குத் தள்ளும் அமைப்பு மாட்டுவார்கள். நம் ஊர் டிரெய்லர்களில் அதை எதிர்பார்க்க முடியாது, அதனால் சாமான் வைக்கிற இடம்தான் நமக்கு அந்த அமைப்பு.

இவ்வளவும் செய்தபின் திரும்ப அளங்கள். முன்பக்கம் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், பின்பக்கம் காலி வண்டியைவிட இரண்டு மூன்று செ.மீ. இறங்கியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். காலியாக நிற்கும்போது பிக்கப்பின் பின்பக்கம் தூக்கலாக இருப்பதே லோடு ஏறினால் மட்டத்துக்கு வரட்டும் என்றுதான். டேஷ்போர்டில் விளக்கின் உயரத்தை மாற்றும் திருகு இருந்தால் லோடு இருக்கும்போது அதைத் திருப்ப மறக்காதீர்கள், நிறையப் பேருக்கு அது எதற்கென்றே தெரியவில்லை. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு லோடுக்குச் சொன்ன காற்று பின் டயரில் இருக்கட்டும்.

பின்பக்கம் அதைவிட அதிகமாக இறங்கினால்தான் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் குனிந்து, ஆக்சில் ஹவுசிங்குக்கும் மேலே சேஸில் இருக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று இரண்டு பக்கமும் பாருங்கள். காலி வண்டியிலேயே ஒரு பக்கம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை களைத்துவிட்டது. டிரெய்லரோடு டோல்கேட் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டொக்கென்று சத்தம் கேட்டால் ரப்பர் இடிக்கிறது, ஸ்பிரிங்குக்கு இறங்க இடமில்லை. களைத்த பட்டையைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். பட்டை நல்ல நிலையில் இருந்தால் அது கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் கேஸ் வைத்துச் சிவக்கச் சூடாக்கி வளைக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். பட்டையின் பதம் போய்விடும், வெறும் இரும்புத் தகடு மாதிரி ஆகிவிடும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகப் படுத்துக்கொள்ளும்.

பட்டை நன்றாக இருந்தும் போதவில்லை என்றால் உங்களுக்கு ஏர்பேக் சரி. மச்சான் சொன்னது தப்பில்லை, வரிசை மட்டும்தான் தப்பு. நீங்கள் முகூர்த்த நாளிலும் திருவிழாவிலும் மட்டும் இழுக்கிறீர்கள், மற்ற நாளில் வண்டி காலியாகப் போகிறது. அப்படிப்பட்டவருக்கு வேண்டும்போது காற்று ஏற்றி வேண்டாதபோது இறக்குவது வசதி. தினமும் ஒரே எடையை இழுக்கிறவர் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

பிளாக்கை ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்றால், அது உயரத்தை மட்டும்தான் கூட்டும், தாங்கும் சக்தியைக் கூட்டாது. 9 செ.மீ. இறங்குகிற ஸ்பிரிங் பிளாக் வைத்தாலும் 9 செ.மீ. இறங்கத்தான் செய்யும். ஆக்சில் பட்டையிலிருந்து தள்ளிப்போவதால், லோடோடு ஃபஸ்ட் கியரில் கிளம்பும்போது ஆக்சில் உருள முயன்று பட்டையை முறுக்கும். பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேயும். ஷாக் அப்சர்பரும் பிரேக் ஹோஸும் முழு நீளத்துக்கு இழுபடும். ஒரு பிளாக் மேல் இன்னொன்று வைத்த வண்டியையும், மரக்கட்டையைச் சீவி வைத்த வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன், அந்த வண்டிகளுக்குப் பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு பைக்கில் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: வெல்டிங் மிஷின் டிரெய்லர் இழுக்க இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். இப்போது லோடு போட்டாலும் வண்டி இறங்குவதில்லை, சந்தோஷம். ஆனால் காலியாகப் போனால் பின்பக்கம் குதிக்கிறது, லோடோடு போனால் பிரேக் முன்னைவிடத் தள்ளிப் பிடிக்கிறது. பிரேக் ஷூ புதுசு.
வாசகர், மணலி

பதில்: அண்ணே, பிரேக் ஷூ மேல் பழி போடாதீர்கள். வண்டிக்கு அடியில் பின் ஆக்சிலிலிருந்து சேஸுக்கு ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போகிறதா பாருங்கள். அது லோடு வால்வோடு சேர்ந்தது. ஆக்சிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்து அந்த வால்வு வண்டியில் லோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும். இடைவெளி குறைந்தால் லோடு இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். இடைவெளி அதிகமானால் வண்டி காலி, பின்சக்கரம் லாக் ஆகி வழுக்கிவிடும் என்று அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பட்டை போட்டு வண்டியை இறங்கவிடாமல் செய்துவிட்டீர்கள், பாவம் அந்த வால்வு வண்டி எப்போதும் காலி என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. பின்னால் இரும்பும் டிரெய்லரும் இருக்கும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்கிறது.

பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றிவிடுங்கள், குதிப்பதும் அடங்கும். பிறகு கம்பெனி சர்வீஸில் கொடுத்து அந்த வால்வை அவர்களுடைய அளவுப்படி திரும்பச் சரிசெய்யச் சொல்லுங்கள், ரோட்டோரத்தில் கம்பியை வளைத்துப் பார்க்கிற வேலை ஆகாது. ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் இந்த வால்வு இருக்காது, கணினியே பார்த்துக்கொள்ளும். ஒன்று கேட்க மறந்துவிட்டேன், பட்டை போட்டபோது, பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் புதிதாகப் போட்டார்களா? முறுக்கி நீண்டுபோன பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது. புதிது போட்டிருந்தாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை டார்க் ரெஞ்சில் இறுக்கம் பார்க்க வேண்டும், பட்டைகள் ஒன்றோடு ஒன்று படிந்தபின் அது கொஞ்சம் தளரும்.

கேள்வி: ஏர்பேக் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே காற்று வால்வு. வளைவில் வண்டி சாய்கிறது. எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: சாய்வதற்குக் காரணம் அந்த ஒரே வால்வுதான். இடப்பக்கம் வளையும்போது எடை வலது பையில் ஏறும், அங்கிருந்து காற்று குழாய் வழியாக இடது பைக்கு ஓடிவிடும், வலப்பக்கம் இன்னும் இறங்கும். எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு போட்டுக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.

காற்றுக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. லோடு ஏற்றி டிரெய்லர் மாட்டியபின், பின்பக்கம் காலி வண்டியின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் வரை ஏற்றினால் போதும், அதைத் தாண்டித் தூக்காதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது, பெரும்பாலான பைகளுக்கு அது 100 பி.எஸ்.ஐ. காலியாக ஓட்டும்போது முழுக்கக் காற்றை எடுத்துவிடாமல் குறைந்தது 5 பி.எஸ்.ஐ.யாவது வையுங்கள், இல்லாவிட்டால் பை மடிந்து உரசிக் கிழியும். ராத்திரி ஏற்றிய காற்று காலையில் இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் காற்றுக் குழாய் போகாமல் இருக்கட்டும்.

கேள்வி: பட்டை கூடுதலாகப் போட்டால் இனி அதிக லோடு ஏற்றலாமா? போலீஸ் பிடிப்பார்களா?
வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஏற்றக் கூடாது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடைதான் கணக்கு. ஸ்பிரிங் தாங்கினாலும் ஆக்சிலும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் பழைய எடைக்குச் செய்தவைதான். அதிக லோடுக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உயரத்தையோ ஸ்பிரிங்கையோ மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

கேள்வி: ஐயா, வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து மீன் லோடு அடிக்கிறார். ஐஸ் தண்ணீர் எப்போதும் பின்னால் சொட்டிக்கொண்டே இருக்கும். பட்டையெல்லாம் துருப்பிடித்து ஏடு ஏடாக வருகிறது, வண்டியும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பழைய இன்ஜின் ஆயிலைப் பூசினால் போதும் என்கிறார்கள், பூசலாமா?
வாசகி, காசிமேடு

பதில்: பூச வேண்டாம் அம்மா. பழைய ஆயில் பட்டைக்குள் மணலையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத் தின்றுவிடும், பிரேக் டிரம் பக்கம் வழிந்தால் இன்னும் ஆபத்து. லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி பட்டை, பட்டை முனையைச் சேஸோடு சேர்க்கும் ஷாக்கல், யூ போல்ட் எல்லாம் கழுவச் சொல்லுங்கள். கடல் காற்றிலேயே நிற்கிற வண்டிக்கு மீன் தண்ணீரும் சேர்ந்தால் துரு இரட்டிப்பு வேகத்தில் ஏறும். முடிந்தால் ஐஸ் தண்ணீர் பட்டை மேல் சொட்டாமல் பாடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வைத்துப் பக்கவாட்டில் இறக்கிவிடுங்கள், நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலை.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது அந்தச் சாய்வு. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி சாய்ந்த ஒரு மீன் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது, ஓனர் வளைவு ஏற்றினால் போதும் என்றார். மேலிருந்து பார்த்தால் பட்டைகள் எல்லாம் முழுசாகத்தான் தெரிந்தன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது இரண்டாவது பட்டையின் ஓரத்தில், பட்டைகளை நடுவில் துளை போட்டுக் கோக்கும் சென்டர் போல்ட்டுக்கு நேராக, டீ நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. யூ போல்ட்டைத் தளர்த்தியதும் பட்டை இரண்டு துண்டாக வந்தது. உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்துப்போயிருந்தது, ஓர் ஓரம் மட்டும் வெள்ளி மாதிரி பளபளத்தது. கறுத்த பாகம் எப்போதோ விரிந்து உள்ளே தண்ணீர் இறங்கியது, கடைசியில் அந்தப் பளபளப்பு மட்டும்தான் லோடைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. துளை போட்ட இடம்தான் பட்டைக்குப் பலவீனம், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

நாளைக்கே வலப்பக்கத்துப் பட்டையைத் தேய்த்துச் சுத்தமாக்கி, டார்ச் அடித்துச் சென்டர் போல்ட்டைச் சுற்றியும் யூ போல்ட் ஓரங்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பழுப்புக் கோடு தெரிந்தால் பட்டை மாற்றும் வரை வீட்டுக்காரரை லோடு ஏற்ற விடாதீர்கள், மாற்றும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள்.